தூரத்து வைத்தியம்: அரியாலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நோயாளி ஓரிடத்திலும் வைத்தியர் பிறிதோரிடத்திலும் இருக்க, கைத்தொலைபேசி அல்லது கணினி வழியாக இருவரையும் இணைத்து ஆலோசனை பெறச்செய்யும் சேவைகள் அண்மைக் காலத்தில் நம்மிடையே பெருகியுள்ளன. இவை முற்றிலும் புதியதொரு தொழில்நுட்பத்தின் பேறு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. தூரம் என்பது கல் கணக்கு அல்லது கிலோமீற்றர்க் கணக்கு. கருவி அத்தூரத்தை இல்லாமற் செய்கிறது. எனவே பிரச்சினை தீர்ந்தது என்பதே இக்கருத்தின் சாரம்.

இக்கருத்து வரலாற்று நோக்கில் ஏற்புடையதன்று என்பதை நாம் இங்கு எடுத்துக்காட்ட முயல்வோம். நோயாளியை வைத்தியரிடமிருந்து பிரித்து நிறுத்திய தூரம் யாழ்ப்பாணத்தில் என்றுமே சமூகத்தாலும் அரசியலாலும் மொழியாலும் ஆக்கப்பட்ட தூரமாக இருந்துள்ளது. அத்தூரத்தைக் கடக்க உதவிய வழிகளுள் எவை பயன் தந்தன என்று நோக்குமிடத்து, நோயாளியின் பக்கத்தில் அவனது மொழியைப் பேசும் பயிற்சி பெற்ற ஒருவர் நின்ற வழிகளே பயன் தந்தன என்பது புலனாகும். இவ்வுண்மையை விளக்குதற்கு அரியாலை தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

1. அண்மையில் இருந்தும் தொலைவு

அரியாலை யாழ்ப்பாண நகரின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஊர். கண்டி வீதி அதனை ஊடறுத்துச் செம்மணி, நாவற்குழி நோக்கிச் செல்கின்றது. தோட்டச் செய்கையும், கிழக்கே கடனீரேரியை அண்டிய பகுதியில் மீன்பிடியும் அதன் பழைய சீவனோபாயங்கள். வடமாகாணத்தின் மிகப் பெரிய மருத்துவ நிலையமாகிய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. துவிச்சக்கர வண்டியில் அரை மணி நேரத்துள் சென்றடையலாம். நெடுந்தீவுவாசி ஒருவர் கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தேறி நகரை அடைய வேண்டிய நிலையோடு ஒப்பிடுகையில், அரியாலைக்குத் தூரத்து வைத்தியம் தேவையற்றதென்றே எண்ணத்தோன்றும்.

எனினும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவ்வூரே யாழ்ப்பாணத்தில் வைத்தியருக்கும் மக்களுக்கும் இடையிலான தூரத்தின் குறியீடாயிற்று. அம்மாதம் 15ஆம் திகதி அரியாலையில் நடைபெற்ற கிறித்தவ ஆராதனை ஒன்றை நடத்திய போதகர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்தவர். அவர் திரும்பிச் சென்றபின் அவருக்குக் கொரோனாத் தொற்று உறுதிசெய்யப்பட்டது. 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 22ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தின் முதலாவது தொற்றாளர் இனங்காணப்பட்டார். ஆராதனையிற் பங்குபற்றியோர் தனிமைப்படுத்தப்பட்டனர்; மாவட்டம் அபாயம் மிக்க பிரதேசமாகக் கொள்ளப்பட்டது. வைத்தியசாலை இருந்த இடத்திலேயே இருந்தது, வீதியும் இருந்தது, ஆனால் நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்தெடுத்து வந்த முதியவருக்கு அச்சில கிலோமீற்றரும் கடக்கவியலாத் தொலைவாயிற்று. தூரத்தை ஆக்குவது நிலவியல் மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நிகழ்வைச் சரியாக மதிப்பிட, இதற்கு முன்னர் இப்பிரதேசத்தில் தூரம் எவ்வாறு ஆக்கப்பட்டது, எவ்வாறு கடக்கப்பட்டது என்பதைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

2. தூதுவனும் நாடியும்

நமது சுதேச வைத்தியத்தின் அடிப்படை நாடி பார்த்தல். அது தொடுகையை வேண்டி நிற்பது. ஆகவே, தொலைவிலிருந்து வைத்தியம் என்ற எண்ணமே அம்மரபுக்கு அந்நியமானது எனச் சிலர் வாதிப்பர். ஆயின், வைத்தியரை அழைக்கச் செல்லும் தூதுவனின் தோற்றம், பேச்சு, வந்த நேரம், நின்ற திசை ஆகியவற்றைக் கொண்டு நோயின் போக்கை உய்த்துணரும் தூதலக்கணம் ஆயுர்வேத, சித்த மரபுகளில் இடம்பெறுவதை நாம் மறத்தலாகாது. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் இதற்கென ஓர் அத்தியாயமே உள்ளது. இதிற் பெரும்பகுதி சகுன நம்பிக்கை என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் சமூகப் பொருளை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உண்டு என்பதையும், அவர் கொண்டுவரும் செய்தியின் தரமே வைத்தியத்தின் தொடக்கத்தைத் தீர்மானிக்கின்றது என்பதையும் அம்மரபு உணர்ந்திருந்தது.

யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ அறிவு செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்களாக நமக்குக் கிடைத்துள்ளது. ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா பரராசசேகரத்தைப் பல பாகங்களாக 1928 முதல் 1936 வரை பதிப்பித்து வெளியிட்டார். அதுவரை அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டுச் சுவடிகளில், பரம்பரைப் பரியாரிகளின் குடும்பச் சொத்தாக இருந்தது. அறிவு குடும்பச் சொத்தாக இருக்கும் இடத்தில் அதனை அணுகும் உரிமையும் சமூகப் படிநிலையால் வரையறுக்கப்படுவது இயல்பு. கோயில் வாயிலும் கிணற்றடியும் சாதியால் அடைக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயத்தில், தொட்டுப் பார்க்கும் வைத்தியம் மாத்திரம் அப்பிரிவினைக்கு அப்பாற்பட்டு நின்றது எனக் கொள்வதற்கில்லை. தூரத்தின் முதல் வடிவம் இதுவே.

3. கிறீன்: மொழியால் தூரம் கடந்தவர்

அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டு பண்டத்தரிப்பில் மேலைத்தேய வைத்தியத்தைத் தொடக்கினார். 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் ஆதரவில் யாழ்ப்பாண நகரில் நிறுவப்பட்ட நண்பர் உதவிச் சங்க வைத்தியசாலையே 1907இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து, பிற்காலத்தில் இன்றைய போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. ஆயின், நமது பொருளுக்கு மிக நெருங்கியவர் 1847இல் இங்கு வந்து மானிப்பாயைத் தமது களமாகக் கொண்ட சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

ஒரு வைத்தியர் எத்துணை உழைத்தாலும் குடாநாட்டின் எல்லா ஊர்களுக்கும் செல்லவியலாது என்பது கிறீனின் முன் நின்ற பிரச்சினை. அதற்கு அவர் கண்ட தீர்வு, ஊரவர்களையே வைத்தியர்களாக்கி ஊர்களில் இருத்துதல். அவர் பயிற்றுவித்த வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடைபெற்ற வகுப்புகளை 1864 அளவில் அவர் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் கற்றவர் ஊரை விட்டு உத்தியோகத்துக்குச் செல்ல, தமிழிற் கற்றவரே ஊரில் நிலைத்து நிற்பர் என்ற நடைமுறை அறிவு இம்மாற்றத்தின் பின்னே இருந்தது. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும் வெளிவந்தன. டான்போர்த், சாப்மன் எனப் பெயர் கொண்ட தமிழ் மாணாக்கர்கள் இம்மொழிபெயர்ப்புப் பணியிற் பங்காளிகளாயினர். கவிஞர் அம்பியின் ஆய்வுகள் இவ்வரலாற்றைத் தமிழுலகுக்கு விரிவாக உணர்த்தியுள்ளன.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். ஆனால் அவரது தமிழ்ப்பணி அத்தோடு நின்றுவிடவில்லை. கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் இருந்தவாறே, 1884இல் இறக்கும் வரை, யாழ்ப்பாணத்து வைத்தியர்களின் கைக்குத் தமிழ் நூல்களைச் சேர்ப்பிக்க அவர் உழைத்தார். கப்பலும் அஞ்சலும் அன்றி வேறு ஊடகம் இல்லாத காலத்தில், இரு சமுத்திரங்களுக்கு அப்பாலிருந்து ஒருவர் மானிப்பாய் நோயாளிக்கு உதவக்கூடியதாக இருந்தமைக்குக் காரணம் யாது? மறுமுனையில், அந்நூலைத் தமிழிற் படித்து நோயாளியின் படுக்கையருகே நிற்கக்கூடிய ஒருவரை அவர் முன்னரே உருவாக்கி வைத்திருந்தமையே. தூரத்து வைத்தியத்தின் முழுத் தத்துவமும் இதில் அடங்கியுள்ளது எனலாம்.

கிறீனின் நோக்கில் சமயப் பரப்பலும் இருந்தது. காலனித்துவச் சூழலே அவரது பணிக்குக் களம் அமைத்தது. இவற்றை ஒப்புக்கொண்டும், மக்கள் மொழியில் மருத்துவம் என்ற அவரது வழி அவருக்குப்பின் கைவிடப்பட்டமை நமக்கு நேர்ந்த இழப்பே என்று கூறவேண்டும். உத்தியோக வேட்கையும் ஆங்கிலத்தின் ஆதிக்கமும் அவ்வழியை மூடின. இன்றும் நோயாளியின் மருந்துச் சிட்டையும் பரிசோதனை அறிக்கையும் அவன் படிக்கவியலாத மொழியிலேயே உள்ளன.

4. போர் ஆக்கிய தூரம்

சுதந்திர இலங்கையில் 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டமை, பணம் ஆக்கிய தூரத்தைப் பெரிதும் குறைத்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல மாது ஆகியோர் கிராமங்கள் தோறும் நிலைபெற்றனர். கர்ப்பிணித் தாயின் வீட்டுப் படலையைத் திறந்து உட்சென்று, தமது பதிவேட்டில் எழுதி, வேண்டியபோது வைத்தியருக்கு அறிவிக்கும் குடும்பநல மாது, தூதலக்கணத்துத் தூதுவனின் இடத்தை அறிவியல் அடிப்படையில் நிரப்பியவர். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கியமை இவ்வளர்ச்சியின் மற்றொரு கட்டம்.

இவ்வளர்ச்சியைப் போர் சிதைத்தது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் இந்தியப் படையினராற் கொல்லப்பட்டனர். 1990இன் பின் குடாநாடு மின்சாரமின்றியும் பொருளாதாரத் தடையின் கீழும் கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் வைத்தியசாலை சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் இயங்கிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது அவர்கள் நடந்த வழி அரியாலையூடாகச் செம்மணி, நாவற்குழி நோக்கியதே. அன்று வைத்தியசாலையும் நோயாளியும் ஒருசேர இடம்பெயர்ந்தனர். வைத்தியசாலையின் பணிகள் மந்திகைக்குச் சென்றன. 2000ஆம் ஆண்டுச் சமரின்போது அரியாலையின் கிழக்குப் பகுதி போர்முனையாயிற்று. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டபோது, கொழும்பில் மேலதிக சிகிச்சை பெறவேண்டியவர் கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்த்திருக்க நேர்ந்தது.

இக்காலத்தில் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். இதன் விளைவாகத் தோன்றிய ஒரு நடைமுறை ஆய்வாளர் கவனத்தை அதிகம் பெறவில்லை. இலண்டனிலோ சிட்னியிலோ ரொறன்ரோவிலோ வைத்தியராக இருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்கும் வழக்கம் அது. முதலில் தொலைத்தொடர்பு நிலையத்திற் காத்திருந்து பேசினர். பின்னர் வைபர், வட்சப் வழியாக அறிக்கைகளைப் படமெடுத்து அனுப்பினர். இணையவழி வைத்திய ஆலோசனை யாழ்ப்பாணத்திற்குக் கம்பனிகள் கொண்டுவந்து சேர்த்த ஒன்றன்று. புலம்பெயர்வின் விளைவாக அது உறவுமுறையின் வழியே முன்னரே வந்துவிட்டது. ஆயின், வெளிநாட்டில் வைத்திய உறவினர் இல்லாத தோட்டக் கூலிக்கும் கடற்றொழிலாளிக்கும் அது கிட்டவில்லை. உறவு வழிச் சேவை உறவு உள்ளவர்க்கே உரியது.

5. 2020: கிளினிக் கொப்பியும் தபாற்காரரும்

ஊரடங்குக் காலத்தில் சுகாதார அமைச்சும் தபாற் திணைக்களமும் இணைந்து, அரச வைத்தியசாலைகளின் கிளினிக் நோயாளருக்கு மருந்துகளை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை மேற்கொண்டன. யாழ்ப்பாணத்திலும் நோயாளர் தொலைபேசியில் அழைத்துத் தமது கிளினிக் இலக்கத்தைக் கூறினர். வைத்தியசாலையில் உள்ள பதிவைக் கொண்டு மருந்து பொதி செய்யப்பட்டது. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நோயாளியின் வரலாற்றைக் காக்கும் பதிவேடு, தமிழிற் பேசும் ஊழியர், ஊரில் ஒவ்வொரு படலையையும் அறிந்த தபாற்காரர் ஆகிய மூன்றுமே அதன் உறுப்புகள். மூன்றும் பொதுத்துறையின் பல தசாப்த உழைப்பால் ஏலவே இருந்தவை.

தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களை நாள்தோறும் விசாரித்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடத்திலேயே தொற்றுப் பரிசோதனை நடைபெற்றமை, மாதிரிகளை வெளிமாவட்டத்துக்கு அனுப்பிக் காத்திருக்கும் தூரத்தையும் குறைத்தது. 2021இல் நோய் மிகப் பரவி வைத்தியசாலைகள் நிரம்பியபோது, கடுமையற்ற நோயாளரை வீட்டில் வைத்து 1390 என்ற இலக்கத்தின் மூலம் வைத்தியர்கள் கண்காணிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதிலும் பிராந்திய சுகாதாரப் பணியாளர் வீட்டோடு தொடர்பில் இருந்தமையே அடிப்படை.

2018 யூலை 21ஆம் திகதி வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் இத்தகையதே. அழைப்பு தொலைபேசி வழியே செல்கின்றது. ஆனால் வருபவர் பயிற்சி பெற்ற மனிதர். 2022இல் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டு, ஊரடங்குச் சட்டமின்றியே வீதிகள் வெறிச்சோடியபோது, இத்தகைய ஏற்பாடுகளின் இன்றியமையாமை மீண்டும் உணரப்பட்டது.

6. பிறநாட்டு அனுபவம்

மேற்கூறியவை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய தனித்தன்மைகள் அல்ல. அவுஸ்திரேலியாவில் 1928இல் ஜோன் பிளின் தொடக்கிய பறக்கும் வைத்தியர் சேவை, அடுத்த ஆண்டிலிருந்து காலால் மிதித்து மின்னூட்டும் வானொலிக் கருவியைப் பயன்படுத்திற்று. எனினும் அச்சேவையின் வெற்றிக்குப் பெருந்துணையாயிருந்தது 1942 முதல் தொலைதூரப் பண்ணைகளில் வைக்கப்பட்ட மருந்துப் பேழை. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டிருந்தது. வைத்தியர் வானொலியில் இலக்கத்தைக் கூற, பண்ணை வீட்டார் அதை எடுத்துக் கொடுத்தனர். மருந்தின் பெயரை உச்சரிக்கத் தெரியாதவருக்கும் இலக்கம் தெரியும். நோயாளியின் பக்கத்தை ஆயத்தப்படுத்துதல் என்பதன் பொருள் இதுவே.

தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை 2004 அளவில் தேனிப் பகுதியில் ஏற்படுத்திய பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற இடைநிலைப் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படத்தை அனுப்ப, தலைமை மருத்துவமனை வைத்தியர் கணினி வழியே நோயாளியோடு பேசுகின்றார். பெரும்பாலான நோயாளர் நகருக்குச் செல்லாமலே தீர்வு பெறுகின்றனர். இந்திய அரசு 2020 மார்ச் 25ஆம் திகதி வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், எம்மருந்தை எவ்வகைத் தொடர்பின் மூலம் எழுதிக் கொடுக்கலாம் என்று பட்டியலிட்டு வரையறுத்தன. செயற்கை நுண்ணறிவு தானே நோயாளிக்கு ஆலோசனை கூறுவதையோ மருந்தெழுதுவதையோ தடைசெய்தன. தொலைவிலிருந்து செய்யத்தக்கது, செய்யத்தகாதது என்ற வரம்பு உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டமை இங்கு குறிப்பிடத்தக்கது.

7. சந்தையும் திரையும்

இலங்கையில் உள்ளகச் சிகிச்சையின் மிகப் பெரும்பகுதியை அரச வைத்தியசாலைகளே தாங்குகின்றன. வெளிநோயாளர் வருகையில் ஏறத்தாழப் பாதி தனியார் துறையைச் சார்ந்தது. 1977 முதல் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பே தனியார் தொழில் செய்ய அனுமதிக்கப்பட்டனர். அதன் வழியே சனலிங் என்னும் சொல் நமது அன்றாடப் பேச்சில் இடம்பிடித்தது. காலையில் இலவசமாகக் காணக்கூடிய அதே நிபுணரை மாலையிற் பணம் செலுத்திக் காணுதல் என்பதே நடைமுறையில் அதன் பொருள். ஈ-சனலிங் இம்முறைக்கு இணையவழி முற்பதிவைச் சேர்த்தது. டொக்990, ஓடொக் முதலிய சேவைகள் ஆலோசனையையே திரைக்குக் கொண்டுவந்தன.

இச்சேவைகள் பயனற்றவை என்பது நமது வாதமன்று. பெண் வைத்தியரோடு தனிமையிற் பேசவிரும்பும் பெண்ணுக்கும், வெளியே சொல்ல நாணும் மனநோயால் வருந்தும் இளைஞனுக்கும், சில நிமிட ஆலோசனைக்காக ஒருநாட் கூலியை இழக்க வேண்டிய தொழிலாளிக்கும் அவை உதவக்கூடியவை. ஊரின் பெயரே நோயின் பெயராகச் செய்திகளில் அடிபட்ட அரியாலையின் அனுபவத்தை அறிந்தோர், இரகசியம் பேணும் ஆலோசனையின் மதிப்பைக் குறைத்து எண்ணார்.

ஆயின் இரு வினாக்களை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. முதலாவது, இடையில் நின்ற மனிதரை நீக்கிவிட்டால் அவர் செய்த வேலை எங்கே செல்கின்றது? அது மறைந்துவிடுவதில்லை. வீட்டிலுள்ள மகளோ பேரனோ கருவியை இயக்கி, நோய்க்குறியை விளக்கி, ஆங்கில மருந்துப் பெயரை வாசித்து, வேளை தவறாது கொடுக்க வேண்டியவராகின்றார். பயிற்சியும் ஊதியமும் பெற்ற ஊழியரின் பொறுப்பு, அவை இரண்டுமற்ற குடும்பத்தார்மீது, குறிப்பாகப் பெண்கள்மீது சுமத்தப்படுகின்றது. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, முதியோர் தனித்து வாழும் வீடுகள் மலிந்த யாழ்ப்பாணத்தில் அப்பொறுப்பை ஏற்பாரும் இல்லை.

இரண்டாவது, பதிவேடு யாருக்குரியது? 2020இல் தபால்வழி மருந்து சாத்தியமானமைக்குக் காரணம் நோயாளியின் பதிவு பொது நிறுவனம் ஒன்றில் இருந்தமை. வெவ்வேறு கம்பனிகளின் சேவைகளில் அது சிதறுண்டு கிடக்குமாயின், அடுத்ததொரு நெருக்கடியில் ஊருக்கு மருந்தனுப்ப வேண்டியவர் எதைக் கொண்டு அனுப்புவார்?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகளுக்கு நாம் வரலாம். யாழ்ப்பாணத்தில் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே நின்ற தூரம் சாதியாலும் மொழியாலும் பணத்தாலும் போராலும் சட்டத்தாலும் ஆக்கப்பட்டது. கருவிகள் அத்தூரத்தைக் கடக்க உதவின. ஆனால் நோயாளியின் முனையில் அறிந்த மனிதர் ஒருவரும், நோயாளியின் மொழியும், நம்பத்தக்க பதிவும் இருந்தவிடத்தே மட்டும் அவை உதவின.

எனவே, இணையவழி வைத்தியத்தைத் திட்டமிடுவோர் குடும்பநல மாதின் கையில் அக்கருவியைக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரியாலைச் சனசமூக நிலையம் ஒன்றிலோ கிராமியச் சுகாதார நிலையத்திலோ அவர் நோயாளியின் அருகே அமர்ந்து, குருதியழுத்தத்தை அளந்து, போதனா வைத்தியசாலை நிபுணரோடு தமிழில் உரையாடும் ஏற்பாடு கட்டணமின்றி அமையுமாயின், நெடுந்தீவுக்கும் வன்னிக்கும் அதனை விரிவாக்கலாம். மருந்துச் சிட்டை தமிழிலும் எழுதப்படல் வேண்டும். பதிவேடு பொதுவுடைமையாக நிலைத்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் இம்மண்ணிலேயே முன்மாதிரி உண்டு என்பதை வரலாறு காட்டுகின்றது. அவற்றை நடைமுறைக்குக் கொணர்தல் மருத்துவ பீடத்துக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் மட்டுமன்றி, இலவச வைத்தியத்தை மக்கள் உரிமையாகக் கருதும் அனைவர்க்கும் உரிய பணியாகும்.